கடல் மயிர்க்கொட்டி: தேய்க்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்

கேள்வி

ஐயா, நாங்கள் மட்டக்களப்பில் கல்குடாப் பக்கம். என் கணவர் கரைவலைக்குப் போகிறவர். போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையென்று என் பதினொரு வயது மகனும் வலை இழுக்கிற இடத்துக்குப் போயிருந்தான். வலையின் மடியைக் கொட்டியபோது மீனோடு மீனாக மயிர்க்கொட்டி மாதிரி ஒன்று கிடந்திருக்கிறது. விரல் நீளம், பொன்னிற மயிர், முதுகில் வரிசையாக ஊதாப் பொட்டு. வடிவாக இருக்கிறதென்று கையில் எடுத்துவிட்டான். கத்திக்கொண்டு ஓடி வந்தான். மூன்று விரலும் சிவந்து வீங்கி இரவெல்லாம் எரிவு. மாமியார் சுண்ணாம்பு பூசினார். பக்கத்து வீட்டு அண்ணன் மணலில் நன்றாகத் தேய்க்கச் சொன்னார். இன்று நான்காம் நாள். வீக்கம் வற்றிவிட்டது, சொறியச் சொல்லும் கடி மட்டும் இருக்கிறது. இது விஷமா? என் தம்பி பாசிக்குடாவில் கல்லுக்கடியில் இப்படி ஒன்றைக் கண்டு இரண்டாக வெட்டிப் போட்டானாம். அப்படித்தான் செய்ய வேண்டுமா? மகள் போனில் பார்த்துவிட்டு இது பவளப்பாறையைத் தின்னும் என்கிறாள். போதாக்குறைக்கு, அந்தப் பிராணியை மகன் ஜாம் போத்தலில் போட்டு பிரிட்ஜின் மேல்தட்டில் உறைய வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம். சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்தில் அது இருக்கலாமா?

பதில்

அன்புள்ள சகோதரி,

மகன் எடுத்தது மயிரால் குத்தும் ஒரு கடற்புழு. அதன் விவரம் பிறகு, முதலில் மகனுடைய விரல். நான்காம் நாளில் வீக்கம் வற்றி கடி மட்டும் மிச்சமிருப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் கடி நிற்கவில்லை என்றால் தோலுக்குள் இன்னும் சில மயிர்கள் முறிந்து கிடக்கலாம். காலை வெயிலில் விரலைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடித் தூள் போல மினுங்கும். செலோடேப்பை மெல்ல ஒட்டி, தோலோடு சேர்த்து அழுத்தாமல், ஒரே இழுவையில் உரித்தெடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதுத்துண்டு. துருத்திக்கொண்டு நிற்பதைச் சாவணத்தால் பிடுங்கலாம். பிறகு பஞ்சை வினாகிரியில் நனைத்துச் சற்று நேரம் வையுங்கள். எதற்கு வினாகிரி என்பதைக் கீழே சொல்கிறேன். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். கடி தாங்க முடியாவிட்டால் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் குளிசையை டொக்டரிடம் கேட்டு, பிள்ளையின் வயதுக்கேற்ற அளவில் கொடுக்கலாம். சிவப்பு மேலேறினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்க வேண்டாம். ஏற்புத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இது உயிரைக் குடிக்கும் விஷம் அல்ல. பட்ட உடனே எரிவு, பிறகு சிவப்பு, வீக்கம், சிலருக்கு விறைப்பு, பின்னர் நாட்கணக்கில் கடி: பெரும்பாலானோருக்கு அவ்வளவுதான். பயப்பட வேண்டிய சந்தர்ப்பங்கள் வேறு. மயிர் கண்ணில் பட்டால், வாய்க்குள் போனால், உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுக்கத் தொடங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். நீரிழிவுக்காரர் காலில் குத்தினால் சின்னக் காயம் என்று விடக்கூடாது.

உங்கள் மாமியாரையும் பக்கத்து வீட்டு அண்ணனையும் நான் குறை சொல்லப் போவதில்லை. இருவரும் வேறு காயங்களில் கண்ட பலனை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் மணலில் தேய்த்ததுதான் இரவெல்லாம் எரிந்ததற்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த மயிர் கண்ணாடி இழை மாதிரி. தேய்க்கத் தேய்க்க முறிந்து, முறிந்த துண்டு இன்னும் ஆழமாக இறங்கும். சுண்ணாம்பு இன்னொரு வேடிக்கை. மற்றப் பல கடற்புழுக்களின் மயிர் கைற்றின் என்ற, இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருளால் ஆனது. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் மட்டும் அதோடு கல்சியம் காபனேற்றையும் சேர்த்து மயிரை இறுக்குகின்றன. பவளக் கல்லும், மட்டி ஓடும், சுண்ணாம்புச் சூளைக்குப் போகிற எல்லாமும் அதே பொருள்தான். சுண்ணாம்பு முள்ளுக்குச் சுண்ணாம்பு பூசினால் முள்ளுக்கு ஒன்றும் ஆகாது, புண்பட்ட தோல்தான் வேகும். அமிலம்தான் கல்சியம் காபனேற்றைக் கரைக்கும். வீட்டில் கைக்கெட்டும் மென்மையான அமிலம் வினாகிரி. புளிதானே வேண்டும் என்று தேசிக்காயைப் பிழிந்துவிடாதீர்கள். தேசிப்புளி பட்ட தோல் வெயிலில் கொப்பளித்துக் கறுத்துப்போகும், கடற்கரைப் பிள்ளைக்கு அது வேறு தொல்லை. திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சுடுநீரில் கை வைப்பது சரியான வைத்தியம். இங்கே முதல் வேலை மயிரை எடுப்பது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி, பிள்ளை கையில் எடுத்தது எது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பொன்னிற மயிர், முதுகில் வளையத்துக்கு ஒன்றாக ஊதாப் பொட்டு, கரைவலையின் மடி: மூன்றும் சேர்ந்தால் அது குளோயியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் குளோயியா பிளேவா. மண்புழுவும் அட்டையும் சேர்ந்திருக்கும் வளையப்புழுக் கூட்டத்திலேயே, கடலில் வாழும் பிரிவில், அம்பினோமிடே என்ற குடும்பம். ஆங்கிலத்தில் நெருப்புப் புழு என்கிறார்கள். நீங்கள் 'மயிர்க்கொட்டி மாதிரி' என்று எழுதினீர்கள் அல்லவா? ஜப்பான்காரர் இதே புழுவுக்கு வைத்திருக்கும் பெயர் 'உமிகெமுஷி'. 'உமி' என்றால் கடல், 'கெமுஷி' என்றால் மயிர்க்கொட்டி. கல்குடாவிலும் ஜப்பானிலும் மனிதர் கண்ணுக்கு ஒன்றே தோன்றியிருக்கிறது. தலைப்பிலும் அதனால்தான் அந்தப் பெயர்.

இதன் வீடு மணலும் சேறும் கலந்த கடலடி. கல் இடுக்கு அல்ல. இரண்டு முனையும் ஒடுங்கி நடு அகன்ற உடல், வளர்ந்தால் பத்து சென்ரிமீற்றர் வரை வரும். ஊரும், தேவையென்றால் உடலை வளைத்து வளைத்து நீந்தவும் செய்யும். செத்த மீன், நண்டுக் கழிவு எதுவானாலும் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். தலைக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு சதைக் கொண்டை இருக்கிறது, மணம் அறிகிற உறுப்பு அதுதான். தூண்டிலில் இரை போட்டவர்கள் சில வேளை மீனுக்குப் பதிலாக இதைத் தூக்கியிருப்பார்கள். கரைவலை மணல் அடியை வாரிக்கொண்டு வருவதால் மீனோடு இதுவும் மடிக்குள் வந்து சேர்கிறது. உங்கள் கணவரிடம் கேட்டால், அவர் புதிதாகக் கண்டது அல்ல என்றுதான் சொல்வார்.

ஏன் பிள்ளைகள் கையை நீட்டுகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. சும்மா இருக்கும்போது மயிர்க்கற்றைகள் பக்கவாட்டில் அடங்கிக் கிடக்கும். தொட்டால், உலுக்கினால், ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் பஞ்சு வெடித்ததுபோல விரியும். பார்ப்பவனுக்கு அது மெத்தென்ற பூ. விரல் பட்டதும் நூற்றுக்கணக்கான முட்கள் தோலில் ஏறி முறிந்து நிற்கும். பாடப்புத்தகத்தில் சிலிர்முள் என்று படித்த அதே உறுப்புத்தான். மண்புழுவுக்கு அது நிலத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கி, இதற்கு ஆயுதம். இந்தப் புழு கடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்குத் தாடையே கிடையாது. தசைப்பிடிப்பான தொண்டையை வெளியே பிதுக்கி இரையை உரசித் தின்னும். ஆளைத் தேடி வந்து தாக்கும் பிராணியும் அல்ல.

விஷமா என்று கேட்டீர்கள். இதில் விஞ்ஞானிகளிடையே ஒரு வழக்கே நடக்கிறது. மயிரின் உள்ளே குழாய் இருக்கிறது, ஊசி மருந்துபோல அதன் வழியே விஷம் இறங்குகிறது என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கல்லுக்கடியில் வாழும் ஒரு நெருப்புப் புழுவிலிருந்து கொம்பிளனின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தோலில் அழற்சியை உண்டாக்குவது அது. ஆனால் 2017இல் அதே புழுவின் மயிரை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வேரோடு ஆராய்ந்தவர்கள், விஷச் சுரப்பி என்று சொல்லத்தக்க எதையும் காணவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு குழு மூன்று நெருப்புப் புழுக்களின் மரபணுத் தகவலைப் படித்து, பாம்பு, தேள் போன்ற விஷப் பிராணிகளின் நஞ்சுப் புரதங்களை ஒத்த பல புரதங்கள் இவற்றிலும் இருப்பதாகக் காட்டியது. என் அபிப்பிராயம் இதுதான்: நஞ்சு உண்டு, ஆனால் அது பாம்புப் பல்லைப் போலப் பையும் குழாயும் வைத்து ஏற்றும் நஞ்சாகத் தெரியவில்லை. முள் தோலைக் கிழிக்கிறது, புழுவின் உடம்பில் உள்ள எரிவூட்டும் பொருள் கிழிசலில் சேருகிறது. உங்கள் மகனின் விரலுக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை, இரண்டில் எதுவானாலும் வைத்தியம் ஒன்றே.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், அறிவுரை சொல்பவன் அனுபவிக்காதவன் என்று நினைத்துவிடக்கூடாது. விலங்கியல் படித்த காலத்தில், பாசிக்குடாவில் முழங்காலளவு நீரில் நின்று ஒரு செத்த பவளக் கல்லைப் புரட்டினேன். அடியில் உள்ளங்கையை வைத்துத்தான் புரட்டினேன். எரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முன்னால் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நின்றேன். கை இரண்டு நாளில் ஆறியது. மூன்றாம் நாள் தொடை எரியத் தொடங்கியது. முறிந்த மயிரெல்லாம் சாரத்தில் பத்திரமாக இருந்து, நான் அதை மறுபடி உடுத்தபோது இடம் மாறியிருந்தது! அதனால்தான் சொல்கிறேன், மகன் அன்று போட்டிருந்த சேட்டையும் கை துடைத்த துவாயையும் மற்ற உடுப்போடு சேர்க்காமல் தனியே அலசிப் போடுங்கள்.

அன்று என்னைக் குத்தியதும் உங்கள் தம்பி வெட்டியதும் ஒரே வகையாகத்தான் இருக்கும், யூரிதோய் கொம்பிளனாட்டா. கரைவலையில் வந்ததற்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். ஊதாப் பொட்டு இருக்காது. நீண்டு தட்டையான உடல், இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த நிறம், இரு பக்கமும் வெண்மயிர், அதன் அடியில் சிவந்த சிறு செவுள்கள். பகலில் கல்லுக்கும் செத்த பவளத்துக்கும் அடியில் ஒளிந்திருந்து இரவில் தின்ன வெளியே வரும். பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் 1766இலேயே இதற்கும் உங்கள் மகனின் புழுவுக்கும் பெயர் வைத்துவிட்டார். உலகின் சூடான கடல்களில் எல்லாம் இருக்கும் ஒரே இனம் என்று அதற்குப் பிறகு இரு நூற்றாண்டுக்கு மேல் நம்பினார்கள். 2010இல் மரபணுவைப் பார்த்தபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது குறைந்தது மூன்று வேறு இனங்கள் என்று தெரியவந்தது. ஆகவே நம் பாசிக்குடாப் புழுவை அந்தப் பெயரால் அழைப்பது இப்போதைக்கு ஒரு வசதிக்குத்தான்.

தம்பியிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். இந்தக் கல்லடிப் புழுவை வெட்டினால் சாகாது. வெட்டாவிட்டாலும் அதுவே தன்னைத் துண்டு துண்டாக்கிக்கொள்ளும், இனம் பெருக்க அதற்கு அதுவும் ஒரு வழி. தலை இல்லாத துண்டு தலையை வளர்க்கும், வால் இல்லாத துண்டு வாலை வளர்க்கும். வெட்டிப் போட்ட அன்று ஒன்று இருந்தது, சில கிழமையில் இரண்டு இருந்திருக்கும். முட்டையும் இடும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் போய் இறங்கும். ஒழிக்க வேண்டும் என்ற எண்ணமே வீண் வேலை என்று இதிலேயே தெரிகிறது.

ஒழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மகள் போனில் பார்த்தது, நீங்கள் எழுதிய விவரத்தைக் கொண்டு பார்த்தால், ஹெர்மோடிசே என்ற தாடிக்கார நெருப்புப் புழுவாக இருக்க வேண்டும். அது பவளக் கிளையின் நுனியை வாய்க்குள் விட்டுத் தின்னும் என்பது உண்மை. பவளத்தை வெளிறச் செய்யும் ஒரு பக்ரீரியாவைக் குளிர்காலம் முழுதும் தன் உடம்பில் வைத்திருந்து பரப்புவதாக 2003இல் மத்தியதரைக் கடலில் கண்டார்கள். அந்தக் கடல் சூடேறி வருவதால் அது பெருகி, சிசிலித் தீவு மீனவரின் வலையில் பட்ட மீனைக் கொத்தித் தின்கிறது என்ற முறைப்பாடும் உண்டு. ஆனால் அது அத்திலாந்திக், கரீபியன், மத்தியதரைக் கடல்களின் பிராணி. அந்தக் குற்றப்பத்திரத்தை நம் கரைப் புழு மேல் ஒட்டுவது நியாயமில்லை. இது பெரும்பாலும் செத்ததைத் தின்று அடியைத் துப்புரவாக்குகிற வேலைக்காரன். பவளம் செத்ததற்குப் புழுவைக் கேட்பதைவிட, 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பல பவளப்பாறைகள் வெளிறிச் செத்ததை மகள் போனில் தேடிப் பார்க்கட்டும். செத்த பவளக் கற்குவியல் கூடக் கூட இந்தப் புழுவுக்கு வீடு கூடும். பிணத்தருகே காகத்தைக் கண்டு காகம் கொன்றது என்கிற கதைதான்.

பவளத்துக்கு நன்மை செய்யும் உறவுக்காரரும் இந்தக் குடும்பத்தில் உண்டு. பனாமாவின் பசிபிக் கரையில் பெரிகார்டியா என்ற நெருப்புப் புழு, பவளத்தை மேய்ந்து அழிக்கும் முள்முடி நட்சத்திர மீனின் காயத்தின் வழியே உள்ளே புகுந்து அதைத் தின்று தீர்க்கிறது. முட்கள் நிறைந்த அந்தப் பெரிய பிராணியை இந்தச் சின்னப் புழு உள்ளிருந்தே முடித்துவிடுகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி.

இந்தப் புழுவைத் தின்ன யாரும் இல்லையா என்று மகன் கேட்பான், கேட்கிற வயது. உண்டு. கோனஸ் இம்பீரியலிஸ் என்ற கூம்புச் சங்கு, மேல்முனையில் கிரீடம்போல முடிச்சுகள் உள்ளது, நெருப்புப் புழுவையே தேடித் தேடித் தின்னும். நமக்கு எரிகிற மயிரோடு அப்படியே விழுங்கிவிடும். பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதே இதையும் சொல்லுங்கள்: கூம்புச் சங்கு உயிரோடு இருந்தால் வடிவாக இருக்கிறதென்று கையில் எடுக்கவே கூடாது. அதன் வாயில் இருப்பது உண்மையான நச்சு ஈட்டி. வலைபோலக் கோலம் போட்ட ஓடுள்ள ஒரு கூம்புச் சங்கு ஆளையே கொல்லும். நெருப்புப் புழு அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

வாடைக் காற்றுக் காலத்தில் இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். மாரி முடிகிற நேரம் பெருங்கடலிலிருந்து மரக்கட்டைகள் கரை ஒதுங்கும். அவற்றில் வாத்துக் கழுத்துப்போல நீண்ட காம்புடன் சிப்பிபோன்ற பிராணிகள் கூட்டமாகத் தொங்கும். அந்தக் கூட்டத்துக்குள் அம்பினோமே என்ற நெருப்புப் புழு ஒளிந்திருந்து அவற்றைத் தின்றுகொண்டிருக்கும். விறகுக்கு இழுப்பவர்கள் கையை உள்ளே விட வேண்டாம். வாவியின் உட்புறத்தில் இந்தப் பயம் பெரிதாகத் தேவையில்லை. இவை உப்புக்கடல் பிராணிகள், மாரியில் வாவி நீர் இனிக்கத் தொடங்கும்போது இவற்றுக்கு அங்கே இடமில்லை. வாவிச் சேற்றில் தூண்டில் இரைக்குக் கிண்டியெடுக்கும் புழுக்கள் நீரிசு குடும்பம். அவற்றுக்கும் மயிர் உண்டு, ஆனால் எரியாது. கடிக்கும், அது வேறு கதை.

வலை இழுக்கிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மடியைக் கொட்டியதும் இதைக் கண்டால் ஒரு தடியாலோ சிரட்டையாலோ தள்ளி அலையில் விட்டுவிடச் சொல்லுங்கள். காலால் மிதித்துத் தேய்த்தால் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்கிறவர் பாடு. மீன் பொறுக்கும் பிள்ளைகளுக்கு மெல்லிய ரப்பர் கையுறை போதாது, மயிர் அதையும் துளைக்கும். தடித்த கையுறை இல்லையென்றால் பொறுக்கவே விடாதீர்கள்.

கடைசியாகப் பிரிட்ஜ். மூடி இறுக்கிய போத்தலுக்குள் இருக்கும் வரை சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உறைந்து உருகினால் புழு குழைந்துபோகும், பள்ளிக்கூடத்தில் காட்ட ஒன்றும் மிஞ்சாது. பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, புழு முழுதும் மூழ்கும் அளவு ஊற்றி, பிள்ளைகள் கைக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மாற்றும்போது நீங்களே சாவணத்தால் எடுங்கள், செத்த புழுவின் மயிரும் குத்தும். ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் திகதி, இடம், கரைவலையில் வந்தது என்ற மூன்றையும் எழுதி உள்ளேயே போடச் சொல்லுங்கள். பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஊறுகாய் கெடாமல் இருக்கிறதே என்று யாராவது வினாகிரியில் போடச் சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம். விரலில் மயிரைக் கரைத்த அதே வேலையை அது போத்தலுக்குள்ளும் செய்யும், மகன் பள்ளிக்கூடத்துக்கு மொட்டைப் புழுவைத்தான் கொண்டுபோவான்.